முதல் பைப்: மரத்தை விடுங்க, ஓட்டையைப் பாருங்க

"பைப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்த வரியிலேயே ஒரு படத்தையும் சொல்லிவிடுவார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் வாயில் வளைந்து தொங்குமே, அது. அல்லது பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பட்டு கவுன் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வரும் பணக்கார அப்பா பிடிப்பாரே, அது.

ஹோம்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கானன் டாயிலின் கதைகளில் அவர் பிடிப்பது களிமண் பைப், பிரையர் பைப், செர்ரி மர பைப். நாம் நினைக்கிற அந்தப் பெரிய வளைந்த பைப் கதைகளில் கிடையாது. மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட் வளைந்த பைப்பைப் பிடித்தார். அது பின்னால் வந்த நாடகம், சினிமா, கார்ட்டூன் எல்லாவற்றிலும் வளர்ந்து வளர்ந்து கடைசியில் 'கலாபாஷ்' ஆகிவிட்டது. கலாபாஷ் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம சுரைக்காய்தான்! தென்னாப்பிரிக்காவில் அதன் கழுத்து வளையும்படி வளர்த்து, காயவைத்து, மேலே ஒரு வெள்ளைக் கல் கிண்ணத்தைப் பொருத்திச் செய்கிற குடுக்கை. பார்க்க அருமையாக இருக்கும். முதல் பைப்பாக வாங்க அதைவிட மோசமான தேர்வு குறைவு: பெருசு, கனம், எளிதில் உடையும், விலையும் அதிகம்.

(தமிழ் அகராதிகளில் பைப்புக்குச் 'சுங்கான்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. கடைக்காரருக்குப் புரியாது என்பதால் நானும் பைப் என்றே எழுதுகிறேன்.)

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சிறிய எழுத்தில் போட வேண்டிய விஷயம் இல்லை இது. "பைப் புகையை உள்ளே இழுக்கறதில்ல சார், வாயோட விட்டுடுவோம், அதனால ஒண்ணும் பண்ணாது" என்று நிறைய பேர் நம்புகிறார்கள். தவறு. இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோட்டின் ரத்தத்தில் ஏறும். பழக்கம் பிடிப்பதற்கு அது போதும். பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வருவதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795லேயே எழுதி வைத்திருக்கிறார். புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சொன்ன ஆரம்பகாலக் குறிப்புகளில் ஒன்று அது, அதுவும் சிகரெட்டைப் பற்றி அல்ல, பைப்பைப் பற்றி. 1964இல் வந்த புகழ்பெற்ற அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கையும் பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள காரணத் தொடர்பை ஏற்றுக்கொண்டது. உதடு மட்டும் இல்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாமே பட்டியலில் உண்டு. நம் நாட்டில் 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்கிற சட்டம் பைப்புக்கும் சேர்த்துத்தான். ஆகவே இதுவரை எதையும் தொடாதவர் என்றால் என் சிபாரிசு: தொடாதீர்கள். கீழே இருப்பதைப் பொருளின் சுவாரசியத்துக்காகப் படியுங்கள். தெரிந்தே முடிவெடுத்துவிட்டவர், காசையாவது வீணாக்காமல் இருக்கப் படிக்கட்டும்.

நான் இந்தப் பக்கம் வந்தது புகைக்காக இல்லை, ஒரு சமன்பாட்டுக்காக. அமெரிக்காவில் ஆரம்பகால ஆங்கிலேயக் குடியிருப்புகளைத் தோண்டும்போது உடைந்த களிமண் பைப் துண்டுகள் கூடை கூடையாகக் கிடைக்கும். மலிவான பொருள், எளிதில் உடையும், உடைந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் அந்தத் துண்டுகளின் துளைக்குள் டிரில் பிட்டுகளை நுழைத்து அளந்து பார்த்தார். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் துண்டுகளில் துளை பெரிது. காலம் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வருகிறது. 1954இல் இதை வெளியிட்டார். 1962இல் லூயிஸ் பின்ஃபோர்டு அதையே ஒரு நேர்கோட்டுச் சமன்பாடாக மாற்றினார்: ஆண்டு = 1931.85 − 38.26 × துளையின் சராசரி விட்டம். விட்டத்தை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு என்ற அலகில் போட வேண்டும். சராசரி 7 என்றால் 1664 வாக்கில். 5 என்றால் 1740ஐ ஒட்டி. ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு போட்டால் உளறும், நிறைய துண்டுகள் வேண்டும். 1780க்குப் பிறகு சரியாக வேலையும் செய்யாது. ஆனாலும் எவனோ ஊதித் தூக்கிப்போட்ட குழாயின் ஓட்டை ஒரு குடியிருப்பின் வயதைச் சொல்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அப்புறம் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு இன்றைய பைப்புகளின் ஓட்டைகளையும் அளக்க ஆரம்பித்தேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பைப் என்பது அடிப்படையில் காற்று போகும் ஒரு பாதை. மேலே புகையிலை எரியும் கிண்ணம். அதன் அடியிலிருந்து மரத்துக்குள்ளேயே போகும் துளை. அந்த மரத் தண்டில் செருகியிருக்கும் வாய்க்குழல். தச்சர்கள் கழுந்து அடித்துச் சேர்ப்பார்களே, அதே மாதிரிதான் தண்டும் வாய்க்குழலும் சேர்கின்றன. இந்த மூன்றும் ஒழுங்காக ஒரே நேரில் அமைந்துவிட்டால் பத்து டாலர் பைப்பும் நன்றாக இழுக்கும். அமையாவிட்டால் ஐந்நூறு டாலர் பைப்பும் கொளகொளவென்று சத்தம் போடும்.

அந்தக் கொளகொள ஏன் வருகிறது? எந்த இலையை எரித்தாலும் நீராவி வரும். இலையில் இருந்த ஈரம் கொஞ்சம், எரிவதிலேயே உண்டாகும் நீர் கொஞ்சம். சூடான நீராவி குழாய் வழியே வருகிறது. வழியில் பாதை திடீரென்று அகலமானாலோ, ஒரு படி இருந்தாலோ, அங்கே புகை சுழன்று, வேகம் குறைந்து, குளிர்ந்து நீராகிறது. கழுந்தின் நுனிக்கும் அது உட்காரும் குழியின் அடிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் அது ஒரு சின்னக் குட்டை. அடுத்த இழுப்பில் அந்தக் கசப்புத் தண்ணீர் நாக்குக்கு வரும். புதிதாக ஆரம்பித்தவர் "எனக்கு இழுக்கத் தெரியல போல" என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுப்பார், இன்னும் சூடாகும், நாக்கு பொத்துப்போகும். தப்பு செய்தது அவர் இல்லை, துளை போட்ட ஆள்.

அதனால் கடையில் பைப்பைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது இதைத்தான். கிண்ணத்துக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். துளை குழியின் அடிமட்டத்தில், நட்ட நடுவில் திறக்க வேண்டும். மேலே ஏறித் திறந்தால் அடியில் கொஞ்சம் புகையிலை எரியாமல் சொதசொதவென்று மிஞ்சும். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அந்தச் சுவர் மட்டும் அதிகம் சூடாகி நாளடைவில் கருகி ஓட்டை விழலாம். அடுத்து, ஒரு பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய கம்பியை, வாய்ப்பக்கம் விட்டுத் தள்ளுங்கள். வாய்க்குழலைக் கழற்றாமலே அது கிண்ணத்தின் அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் முட்டி நின்றால் பாதையில் படி இருக்கிறது. வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைசியாகக் காலி பைப்பை வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள் (கடைக்காரர் சம்மதித்தால்). பெரிய ஸ்ட்ராவில் காற்றை இழுப்பது போல லேசாக வரணும், விசில் அடிக்கக்கூடாது. இன்றைய பைப்புகளில் துளை சுமாராக 3.5 முதல் 4 மில்லிமீட்டர். இணையத்தில் வாங்குகிறவர்கள் கிண்ணத்தின் உள்ளே எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டுப் படம் எட்டு போட்டிருப்பார்கள், உள்படம் ஒன்றுகூட இருக்காது.

இப்போது பொருள். கடைகளில் பேச்செல்லாம் பிரையரைப் பற்றியே இருக்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது. மத்தியதரைக்கடல் ஓரத்தில், கோர்சிகா, கலாபிரியா, கிரீஸ், அல்ஜீரியா பக்கம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்ச்செடி. மரம் கிளையில் இல்லை. வேரும் தண்டும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் ஒரு முண்டு விடும், அதுதான் பிரையர். அந்த நிலப்பரப்பில் காட்டுத்தீ அடிக்கடி வரும். மேலே எல்லாம் எரிந்து போனாலும் இந்த முண்டிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். தீயிலிருந்து தப்பிக்கச் செடி சேமித்து வைத்த முடிச்சை எடுத்து அதற்குள்ளேயே நாம் தீ வைக்கிறோம்! கெட்டியான மரம், இழைகள் பின்னிப் பிணைந்தவை, சீக்கிரம் கருகாது. வெட்டிய கட்டைகளை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் பைப் செய்வார்கள். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் செயின்ட் கிளோட் என்ற ஊரில், அதுவரை பாக்ஸ்வுட் மரத்தில் ஜெபமாலை முதலியவற்றைக் கடைந்துகொண்டிருந்த தொழிலாளர்கள் 1850களில் இந்த மரத்துக்கு வந்தார்கள். சில பத்தாண்டுகளில் களிமண் பைப்பின் காலம் மலையேறிவிட்டது.

நல்ல மரம்தான், சந்தேகம் இல்லை. ஆனால் விலை ஏறுவது எதனால் என்று பாருங்கள். இழை நேராகக் கோடு போட்டது மாதிரி ஓடினால் விலை பல மடங்கு. அந்த இழை புகைக்கு எதையும் செய்வதில்லை, கண்ணுக்குத்தான். மரத்தில் சின்னக் குழிகள் இருந்தால் மாவு வைத்து அடைத்துச் சாயம் ஏற்றுவார்கள், அதனால் விலை குறையும். அதுவும் வெளித்தோற்றம்தான். மணல் வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய பைப்புகள் பெரும்பாலும் மழமழப்பானதைவிட மலிவு, கைக்கும் பிடிமானம். எனக்கு அவைதான் பிடிக்கும்.

முதல் பைப்புக்கு இவை எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. மக்காச்சோளக் கட்டை போதும். சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் என்று ஒரு சின்ன ஊர் (தலைநகர் இல்லை). அங்கே ஹென்றி டிபி என்ற டச்சுக் கடைசல்காரர் 1869இல் சோளக்கட்டையைக் கடைந்து பைப் செய்ய ஆரம்பித்தார். கட்டையின் வெளிப்புறக் குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அடைக்கும் முறைக்கு 1878இல் காப்புரிமையும் வாங்கினார். கொழுப்பைப் பாருங்கள், 'மிசூரி மீர்ஷாம்' என்று பெயர் வைத்தார். மீர்ஷாம் என்பது துருக்கியின் எஸ்கிஷெஹிரில் தோண்டி எடுக்கும் வெண்ணிறக் கனிமம், சீமான்கள் பிடித்த பைப். இவர் அதைச் சோளக்கட்டைக்குப் போட்டார். கம்பெனி இன்றும் அதே ஊரில் ஓடுகிறது. ஜெனரல் மெக்ஆர்தர் வாயில் இருந்ததும் சோளக்கட்டைதான்.

பத்துப் பதினைந்து டாலருக்கு நல்லதாகக் கிடைக்கும். கட்டை நுண்துளைகள் உள்ளது, ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், புதியவர் வேகமாக இழுத்தாலும் கொஞ்சம் பொறுக்கும். புது பிரையரைப் பழக்கிக்கொண்டிருப்பது போல இதைப் பழக்க வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு: மரத் தண்டின் நுனி கிண்ணத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், முதல் சில தடவை அது கருகி மரவாசனை அடிக்கும். பிறகு போய்விடும். இதையெல்லாம்விடப் பெரிய லாபம் ஒன்று. விட்டுவிடுவது சுலபம். நூறு டாலர் கொடுத்து வாங்கியவன் "காசு போட்டாச்சே" என்று பிடித்துக்கொண்டே இருப்பான். சோளக்கட்டையை ஒரு மாதம் கழித்துக் குப்பையில் போட யாருக்கும் மனசு வலிக்காது.

மீர்ஷாம் பிடிக்கப் பிடிக்கப் பொன்னிறமாகும், அழகு. கீழே விழுந்தால் முடிந்தது. களிமண் சூட்டில் கையில் பிடிக்க முடியாது. இரண்டையும் முதல் பைப்பாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கிண்ணத்தின் குழி 18-20 மில்லிமீட்டர் அகலம், 35ஐ ஒட்டிய ஆழம் இருந்தால் போதும். சுவர் ரொம்ப மெல்லிசாக இருந்தால் கை சுடும். நேர் பைப்பா, வளைந்ததா? வளைந்ததில் கனம் தாடைக்குப் பக்கத்தில் தொங்குவதால் பல்லுக்குச் சுமை குறைவு, நெம்புகோல் கணக்குதான். ஆனால் துளை போடுவது கடினம், ஈரம் அடியில் தேங்கும், கிளீனர் சரியாகப் போகாது. முதலில் நேர் பைப் எடுங்கள். 'பில்லியர்டு' என்று ஒரு வடிவம் உண்டு, சிறு பிள்ளையைப் பைப் வரையச் சொன்னால் வரையுமே, அதுதான். வாய்க்குழல் எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் இருந்தால் பல்லுக்கு மெத்து, ஆனால் வெயில் பட்டால் பச்சையாகப் பழுக்கும். அக்ரிலிக் பளபளவென்றே இருக்கும், கொஞ்சம் கடினம்.

ஃபில்டர் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். ஜெர்மனியில் 9 மில்லிமீட்டர் கரி ஃபில்டர் பரவலாக உண்டு. 6 மில்லிமீட்டரிலும் வருகிறது. ஈரத்தைக் குடிக்கும், சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். உடம்புக்குப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்காதீர்கள், அது அந்த வேலைக்கு ஆகாது. 9 மில்லிமீட்டர் பைப்பை ஃபில்டர் இல்லாமல் பிடித்தால் தண்டுக்குள் பெரிய வெற்றிடம் விழும், மேலே சொன்ன குட்டைதான். அதற்கென்று வரும் அடாப்டரைச் செருகணும்.

துணைச் சாமான் என்று கடையில் ஒரு மேசை நிறையப் பரப்பி வைத்திருப்பார்கள். வேண்டியது மூன்றுதான். ஒன்று, செக் டூல்: அமுக்க ஒரு தட்டைக் கோல், கிளற ஒரு ஊசி, சுரண்ட ஒரு கரண்டி, மூன்றும் ஒரே ஆணியில் மடங்கும். விலை சொற்பம். இரண்டு, பைப் கிளீனர் ஒரு கட்டு. ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகளின் கைவினைக்கு விற்கிற கலர் கம்பி வேண்டாம். அது செயற்கை நார், ஈரத்தை உறிஞ்சாது. பருத்தியில் செய்ததாக இருக்க வேண்டும். மூன்று, நெருப்பு. வீட்டுத் தீப்பெட்டி போதும், மருந்து எரிந்து தீரும் வரை ஒரு நொடி பொறுத்து அப்புறம் பற்றவைக்கணும். லைட்டர் என்றால் மெழுகுவர்த்தி மாதிரி மஞ்சள் சுடர் வருவது. நீலமாகச் சீறுகிற டார்ச் லைட்டர் கிண்ணத்தின் விளிம்பைக் கருக்கிவிடும்.

ஸ்டாண்டு, தோல் பை, கரி சுரண்டும் ரீமர் எல்லாம் இப்போது எதற்கு? ரீமர் வேலை கரி ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் சேர்ந்த பிறகுதான், அதற்கு நாளாகும். சோளக்கட்டைக்கு அதுவும் வேண்டியதில்லை. ஸ்டாண்டுக்குப் பதில் காபி டம்ளர். புகையிலை உலராமல் இருக்க, ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி பாட்டில். ஊறுகாய் வாசனை போகக் கழுவியிருந்தால் சரி.

வாங்கியபின் இரண்டு விதிகளை மீறாதீர்கள். சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றக் கூடாது, தண்டு விரிசல் விடும். பிடித்து முடித்ததும் கிளீனர் விட்டுத் துடைத்து, அடுத்த நாள் வரை காயவிட வேண்டும். ஒரே நாளில் ஒரே பைப்பைத் திரும்பத் திரும்பப் பிடித்தால் மரம் ஈரத்தில் ஊறிப் புளித்த வாடை வரும். இரண்டாவது பைப் வாங்கத் தூண்டுகிற காரணமும் இதுதான். அந்தத் தூண்டலுக்குப் பதிலாக ஒரு நாள் சும்மா இருக்கலாம்!

பழைய பைப்பை மலிவாக வாங்கலாமா என்றும் கேட்பார்கள். வாங்கலாம், சுத்தம் செய்யப் பொறுமை இருந்தால். விளிம்பு கருகியிருக்கிறதா, தண்டில் விரிசல் இருக்கிறதா, உள்சுவரில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக வாய்க்குழலின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். பல்தடம் ஆழமாக இருந்தால் உள்ளே ஓட்டை விழப்போகிறது. ஐன்ஸ்டைனின் பைப் ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடித்துக் கடித்து நுனியில் ஓட்டையே போட்டுவிட்டார். நான் சொல்லும் கணக்குப்படி அதுவும் தேறாத பைப்தான்.